புது நகரா, பழைய தெருவா?

 



சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து ஹவுளுக் கரையில் உட்கார்ந்திருந்தேன். வளைகுடா நாட்டிலிருந்து இரண்டு மாத விடுமுறையில் வந்திருந்த நம் மஹல்லாவாசி ஒருவர் வந்து ஸலாம் சொன்னார். கையில் வண்ண நோட்டீஸ் ஒன்று வைத்திருந்தார்.

"ஆலிம்சா, ஊருக்கு மேற்கே நெடுஞ்சாலை ஓரத்தில் புது நகர் போட்டிருக்கிறார்கள். அகலமான ரோடு, நல்ல தண்ணீர், எல்லாம் நம்மவர்கள் வீடுகள். மனை ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். வீட்டில் மட்டும் சம்மதம் இல்லை. மார்க்கத்தில் இதற்கு என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டார்.

மஃரிபுக்குப் பின் அவர் வீட்டுக்கே போனேன். அந்தப் பெண் திரைக்கு அப்பாலிருந்து பேசினாள். "அவங்க ரெண்டு மாசம் இருந்துட்டுப் போயிடுவாங்க ஆலிம்சா. அங்கே இருக்கப் போறது நானும் புள்ளைகளும்தானே? உம்மா இந்தத் தெருவை விட்டு வரமாட்டேங்கிறாங்க. வாப்பா மவுத்தான பிறகு அவங்களுக்கு நான் ஒருத்திதான். உம்மாவைத் தனியா விட்டுட்டு அந்தப் புது வீட்டுல எனக்குத் தூக்கம் வருமா?"

மனைக்குப் பணம் எங்கிருந்து என்று கேட்டேன். குடியிருக்கும் பழைய வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். வெளியூர் வியாபாரி ஒருவர் அதைச் சரக்குக் கிடங்காக்க நல்ல விலைக்குக் கேட்டிருக்கிறாராம். வீட்டுப் பத்திரமோ அந்தப் பெண்ணின் பெயரில் இருக்கிறது.

அன்றிரவு அவர்களுக்குச் சொன்னதை அடுத்த வியாழன் பயானிலும் சொன்னேன். எழுத்திலும் வர வேண்டும் என்று சிலர் வற்புறுத்தியதால் இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி இன்று ஒரு வீட்டுக் கேள்வியாக இல்லை.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களிலும், இலங்கையின் கிழக்குக் கரையிலும் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கட்டிக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. மூன்று பெண்கள் இருந்தால் மூன்று வீடு வேண்டும். பாட்டனார் கட்டிய பெரிய வீட்டை இரண்டாக்கி, நாலாக்கி, கடைசியில் முற்றத்தையும் மூடி அறையாக்கி விட்டோம். முடுக்குகளில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஏங்கும் வீடுகளில் பிள்ளை பெற்று வளர்க்கும் பெண்கள் வேறு இடம் தேடினால் அதில் குற்றமில்லை. விசாலமான வீடும் நல்ல அண்டை வீட்டாரும் மனிதனின் பாக்கியத்தில் சேர்ந்தவை என்று நாயகம் (ஸல்) அவர்களே கூறியிருக்கிறார்கள். (பெண்ணுக்கு வீடு கொடுப்பதை மார்க்கம் பெற்றோர் மீது கடமையாக்கவில்லை. மஹர் கொடுப்பதும், குடியிருக்க இடம் தருவதும் கணவன் மீதுள்ள கடமைகள். அதைச் சொன்னால் இங்கே பலருக்குக் கோபம் வரும். இன்ஷா அல்லாஹ் வேறொரு மாதம் சொல்கிறேன்.)

ஆகவே போகலாமா கூடாதா என்பதல்ல விஷயம். எப்படிப் போகிறோம், யாரை விட்டுப் போகிறோம் என்பதே விஷயம். இதற்கு மதீனா முனவ்வராவிலேயே நமக்கு வழிகாட்டுதல் இருக்கிறது.

பனூ ஸலிமா என்ற அன்ஸாரிக் கூட்டத்தார் மஸ்ஜிதுந் நபவியிலிருந்து தொலைவில் குடியிருந்தார்கள். பள்ளியைச் சுற்றிச் சில இடங்கள் காலியானபோது அங்கே குடிவர விரும்பினார்கள். அவர்களுடைய எண்ணம் நல்ல எண்ணம்; தொழுகைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான். ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள், நீங்கள் இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன என்ற கருத்தில் அவர்களுக்குப் பதில் அளித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது வந்திருக்கிறது. புகாரி ஷரீபில் இன்னொரு காரணமும் காணக் கிடைக்கிறது. மதீனாவின் ஓரங்கள் ஆளில்லாமல் வெறிச்சோடிப் போவதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பள்ளிக்கு அருகில் இருக்கும் பழைய தெருதான் பரக்கத்து, தூரத்தில் போகிறவன் தீனை விட்டுப் போகிறான் என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறோமே, அந்தப் பேச்சு இங்கே அடிபட்டுப் போகிறது. ஊரின் ஓரத்திலும் முஸ்லிம்கள் இருக்கத்தான் வேண்டும். உபை இப்னு கஃபு (ரலி) அவர்கள் ஒரு மனிதரைப் பற்றி அறிவிக்கிறார்கள். எல்லோரையும் விட அவருடைய வீடுதான் பள்ளிக்குத் தூரம். ஆனாலும் ஒரு வக்து ஜமாஅத் அவருக்குத் தவறியதில்லை. வெயிலுக்கும் இருட்டுக்கும் உதவியாக ஒரு கழுதை வாங்கிக் கொள்ளக் கூடாதா என்று கேட்டபோது, பள்ளிக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தாலும் தமக்கு அது சந்தோஷம் தராது, போகும் நடையும் திரும்பும் நடையும் எழுதப்பட வேண்டும் என்பதே தம் ஆசை என்று சொல்லி விட்டார்.

நம்மில் நகருக்குக் குடிபோனவர்கள் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார்கள், கார் வைத்திருக்கிறார்கள். ஸுப்ஹுக்கு எத்தனை வண்டி பள்ளி வாசலில் நிற்கிறது என்று நான் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். மதீனாவின் ஓரத்தில் இருந்தவர்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கவில்லை. பனூ ஸலிமாக்களின் குடியிருப்பில் அவர்களுக்கென்று பள்ளி இருந்தது. இன்று ஹாஜிகள் ஜியாரத் செய்யும் மஸ்ஜிதுல் கிப்லத்தைன் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தம் கூட்டத்தாருக்குத் தொழவைத்து வந்தவர்கள். மழை பெய்தால் ஓடையில் வெள்ளம் வந்து அவர்களுக்கும் கூட்டத்தாரின் பள்ளிக்கும் இடையே வழி அடைபட்டு விடும். கண் பார்வையும் மங்கிவிட்டது. அப்போது நாயகம் (ஸல்) அவர்களை அழைத்து வந்து தம் வீட்டில் ஓர் இடத்தில் தொழச் செய்து, அதையே தொழுமிடமாக்கிக் கொண்டார்கள். உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டு அன்ஸாரியோடு ஒரு முறை வைத்துக் கொண்டார்கள். ஒரு நாள் இவர் நாயகம் (ஸல்) அவர்களின் சபைக்குப் போவார், மறுநாள் அவர் போவார். அன்று இறங்கிய வஹீயையும் மற்றச் செய்திகளையும் போனவர் வந்து மற்றவருக்குச் சொல்லுவார். வீடு தூரத்தில் இருந்தாலும் இல்முக்கு அவர்கள் தூரமாகி விடவில்லை. இப்படி முறை வைத்துக் கொள்ள ஓர் அண்டை வீட்டுக்காரர் அந்த நகரில் உமக்கு உண்டா? மனை வாங்கப் போகிறவர் தண்ணீரின் ருசியைப் பார்க்கும் முன் இதைப் பார்க்க வேண்டும். மூன்று பேர் இருக்கும் இடத்திலும் ஜமாஅத் நிலைநாட்டப்படாவிட்டால் ஷைத்தான் அவர்களை மிகைத்து விடுகிறான், மந்தையை விட்டு விலகிய ஆட்டைத்தான் ஓநாய் தின்கிறது என்ற கருத்துள்ள ஹதீஸை அபூதர்தா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு புது நகரில் நடந்தது. அங்கே பதினாலு வீடுகள். ஓர் இரவில் வயதான அம்மா ஒருவர் மவுத்தாகி விட்டார். மகன் வெளிநாட்டில். மருமகளும் இரண்டு சின்னப் பிள்ளைகளும்தான் வீட்டில். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள், நல்லவர்கள், படித்தவர்கள். ஆனால் மையத்தைக் குளிப்பாட்ட ஒருத்திக்கும் தெரியவில்லை. கைப்பேசியில் தேடிப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். கஃபன் துணியை எத்தனை துண்டாகக் கிழிப்பது என்று தெரியவில்லை. ஸுப்ஹுக்குப் பிறகு பழைய தெருவிலிருந்து குளிப்பாட்டும் கிழவியை ஆட்டோவில் கூட்டி வந்தார்கள். சந்தூக்கும் அங்கிருந்துதான் வர வேண்டும், கபுரும் அங்கேதான் வெட்ட வேண்டும். அந்தக் குடும்பமோ பழைய மஹல்லாவின் தப்தரிலிருந்து பெயரை எடுத்துக் கொண்டு மூன்று வருடமாகி விட்டது. புதிய நகரில் ஜமாஅத் என்று ஒன்று ஏற்படவும் இல்லை. பள்ளி வாசலில் நிர்வாகிகளில் ஒருவர், "இவங்க சந்தா நிறுத்தி மூணு வருஷமாச்சே?" என்று இழுத்தார். அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுப்பானாக, எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் எழுந்து, "சந்தாவைப் பிறகு பேசிக்கலாம்பா, சந்தூக்கைத் தூக்குங்க" என்றார். நடுப்பகலில்தான் அடக்கம் முடிந்தது.

மையத்தைக் குளிப்பாட்டுவதும், கஃபனிடுவதும், தொழுவதும், அடக்குவதும் ஃபர்ளு கிஃபாயா. ஓரிடத்தில் ஒருவரும் செய்யாவிட்டால் அங்குள்ளவர் எல்லோரும் குற்றவாளிகள். பழைய தெருவில் இந்தக் கடமைகளைச் செய்ய யாராவது இருப்பார்கள் என்று நாம் பழகி விட்டோம். புது நகரில் அந்த "யாராவது" நாமேதான். குடிபோகும் குடும்பத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மையத்துக் காரியங்களைக் கற்றுக் கொண்டு போக வேண்டும் என்று நான் சொல்வதுண்டு. சிலர் சிரிக்கிறார்கள். புது வீட்டுக்குப் போகும்போது மவுத்தைப் பற்றிப் பேசுகிறீரே என்கிறார்கள்.

நகர் போட்டவர்களின் நோட்டீஸ்களில் "பள்ளிவாசலுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது" என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அதை அப்படியே நம்பி விடாதீர்கள். அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது, வக்ஃபாகப் பத்திரம் பதிந்தாயிற்றா என்று கேளுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்கும் என்று உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த நிலத்தையே பிறகு பள்ளிக்கு என்று காட்டினால் அது செல்லாது. எழுதிக் கொடுத்தவருக்கு அதில் இனி உரிமை இல்லை. தனக்குச் சொந்தமில்லாததை வக்ஃபு செய்யவும் முடியாது. மஸ்ஜிதுந் நபவி எழுந்த இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு யத்தீம்களுடையது. பேரீச்சம் பழம் உலர்த்தும் களமாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் இனாமாகத் தர முன்வந்தும் நாயகம் (ஸல்) அவர்கள் இனாமாக ஏற்க மறுத்து, கிரயம் கொடுத்தே வாங்கினார்கள். அந்த உம்மத்தார் நாம் பள்ளி இடத்தில் வில்லங்கம் வைக்கலாமா?

பத்து வீடு வந்தவுடன் ஜும்ஆ தொடங்க வேண்டும் என்று அவசரப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் கரையோரத்தில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறோம். அதன்படி ஊரில் நிலையாகக் குடியிருக்கும் பருவமடைந்த ஆண்கள் நாற்பது பேர் வேண்டும். இடநெருக்கடி போன்ற தேவையின்றி ஒரே ஊரில் இரண்டு ஜும்ஆ நடத்துவதும் கூடாது. ஹனஃபிகளிடம் எண்ணிக்கை குறைவு; இமாமைத் தவிர மூவர் போதும்; ஆனால் வேறு ஷர்த்துகள் உண்டு. ஜும்ஆவுக்குப் பழைய பள்ளிக்கு வாருங்கள். வாரத்தில் ஒரு நாளாவது முகம் பார்த்துக் கொள்வோம். புது நகரில் முதலில் வேண்டியது குப்பா அல்ல. ஒளுவுக்குத் தண்ணீர், நாலு பாய், வாய் திறந்து பாங்கு சொல்ல ஓர் ஆள், இவ்வளவு போதும். கைப்பேசியில் பாங்கு ஒலிக்கிறதே என்பார்கள். அது உறங்குகிறவனை எழுப்பும். ஆனால் ஒரே ஸஃப்பில் நம் தோளோடு தோள் சேர்ந்து நிற்க அது வராது.

உமர் (ரலி) அவர்களின் கிலாஃபத்தில் முஸ்லிம்கள் புதிய நகரங்களையே உண்டாக்கினார்கள். பஸ்ராவும், ஹிஜ்ரி 17-இல் (கி.பி. 638) கூஃபாவும், பிறகு மிஸ்ரில் ஃபுஸ்தாதும் அப்படி எழுந்தவை. கூஃபாவில் முதலில் பள்ளிக்கு இடம் குறித்து, அதைச் சுற்றித்தான் வீதிகளை வகுத்தார்கள். பெரிய வீதிகள் நாற்பது முழம், அடுத்தவை முப்பது, இருபது, சந்துகள் ஏழு முழத்துக்குக் குறையாமல் என்று கலீஃபாவின் உத்தரவு இருந்ததாக வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். அகலமான ரோடு வேண்டும் என்பது நாம் இன்று கண்டுபிடித்த நாகரிகம் அல்ல.

அதே கூஃபாவில்தான் இதுவும் நடந்தது. கவர்னராக இருந்த ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் மாளிகைக்கு அருகே சந்தை, இரைச்சல் தாங்கவில்லை. வாசலுக்கு ஒரு கதவு போட்டார்கள். மக்கள் வந்து முறையிட அது தடையாகிறது என்ற செய்தி மதீனாவுக்கு எட்டியதும், உமர் (ரலி) அவர்கள் முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை அனுப்பி அந்தக் கதவை எரித்து விட்டு வரச் சொன்னார்கள். அவர்களும் அப்படியே செய்தார்கள். ஸஅத் (ரலி) அவர்கள் சுவனத்தின் நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவர். அவர்களைக் குறை சொல்ல நாம் யார்? நம்மை நாம் கேட்டுக் கொள்வோம். இப்போது நகரைச் சுற்றி மதில் எழுப்பி, வாசலில் காவலாளியை நிறுத்தி, அதையே பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். திருடனுக்குப் பயந்து கதவு போடுவது வேறு. ஸதகா கேட்டு வரும் விதவைக்கும், ஏழை உறவினனுக்கும், பக்கத்துக் கிராமத்து மாற்று மத அன்பர்களுக்கும் முகம் காட்டாமலிருக்கக் கதவு போடுவது வேறு. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஓர் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா, கொடுத்தீர்களா என்று கேட்டுக் கொண்டே இருந்தார்கள். ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரைப் பற்றி வலியுறுத்திக் கொண்டே இருந்ததால், சொத்தில் பங்கே கொடுத்து விடுவார்களோ என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியதை அந்த ஸஹாபி கேட்டிருந்தார்கள்.

பழைய தெருக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உங்கள் தெருவை விட்டு ஏன் ஓடுகிறார்கள் என்று எப்போதாவது கேட்டீர்களா? பக்கத்து வீட்டுக்காரர் நம் சுவரில் ஒரு மரத்தைப் பதித்துக் கொள்வதைக் கூடத் தடுக்க வேண்டாம் என்பது ஹதீஸ். நாமோ அரை அடிச் சுவருக்காக இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கிறோம். இன்னார் வீட்டுப் பெண் எங்கே போகிறாள், எப்போது வருகிறாள் என்று கணக்கு வைத்திருக்கிறோம். இரவெல்லாம் தொழுது, பகலெல்லாம் நோன்பு நோற்று, நாவினால் அண்டை வீட்டாரை நோகடித்த பெண்ணின் முடிவு என்னவென்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை நீங்கள் அறிவீர்கள். அந்த வேதனை தாங்காமல் ஒரு குடும்பம் வெளியேறினால் அந்தப் பாவத்தில் பங்கு யாருக்கு?

வட்டிக்குக் கடன் வாங்கி மனை வாங்குவதைப் பற்றி நான் விரித்து எழுத வேண்டியதில்லை. ஹராம் ஹராம்தான்.

இனி அந்தக் குடும்பத்துக்கு வருவோம். அவரிடம் முதலில் வீட்டைப் பற்றித்தான் சொன்னேன். "தம்பி, பத்திரம் உங்கள் மனைவி பெயரில் இருக்கிறது. அவள் மனமொப்பாமல் அதில் ஒரு செங்கலை விற்கவும் உங்களுக்கு உரிமை இல்லை. அவளாகவே விற்க விரும்பினாலும் முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கட்டும்." பக்கத்து வீட்டுக்காரர் குறைவாகத்தான் கொடுப்பார் என்றார். அபூராஃபிஃ (ரலி) அவர்களின் சம்பவத்தைச் சொன்னேன். ஸஅத் (ரலி) அவர்களின் வளவில் இருந்த தம் இரண்டு அறைகளை விற்கக் கேட்டபோது ஸஅத் (ரலி) அவர்கள் நாலாயிரம் திர்ஹம், அதுவும் தவணையாக, அதற்கு மேல் இல்லை என்றார்கள். வேறொருவர் ஐந்நூறு தீனார் தருவதாக இருந்தும், அண்டை வீட்டாருக்கே அதிக உரிமை என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டிருந்ததால் அபூராஃபிஃ (ரலி) அவர்கள் அந்த நாலாயிரத்துக்கே கொடுத்தார்கள். அண்டை வீட்டாருக்கு ஷுஃப்ஆ உரிமை சட்டப்படி உண்டு என்பது ஹனஃபி மத்ஹப். பிரிக்கப்படாத சொத்தின் கூட்டாளிக்கு மட்டுமே என்பது ஷாஃபிஈ மத்ஹப். சட்டம் எப்படியானாலும், மூன்று தலைமுறை நம் வீட்டுக் கஞ்சியைக் குடித்தவரின் வாசலில் சரக்கு லாரியைக் கொண்டு வந்து நிறுத்தி விட்டுப் போவது அழகல்ல.

உம்மாவின் விஷயத்தில் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றேன். ஜிஹாதுக்குப் புறப்பட அனுமதி கேட்டு வந்தவரையே, பெற்றோர் இருக்கிறார்களா என்று கேட்டு, அவர்களுக்குப் பணிவிடை செய்யத் திருப்பி அனுப்பினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். மனைக்காகவா அந்தத் தாயைத் தனியே விடுவது? "ஒன்று செய்யுங்கள். கட்டுவதற்கு முன் வருகிற ரமளானில் அந்த நகரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு மாதம் குடியிருந்து பாருங்கள். உம்மாவை விருந்துக்கு வருவது போல் கூட்டிப் போங்கள். ஸஹருக்கும் தராவீஹுக்கும் அங்கே எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு பேசுங்கள்" என்று சொல்லி வந்தேன்.

அப்படியே செய்தார்கள். இருபது நோன்பு வரை உம்மா அங்கே இருந்தார்கள். கடைசிப் பத்துக்குப் பெண்கள் தைக்காவை விட்டு இருக்க முடியாது என்று பழைய தெருவுக்குத் திரும்பி விட்டார்கள். ஆனால் அந்த இருபது நாளில் ஒன்று நடந்திருக்கிறது. அஸருக்குப் பின் பேத்தியை மடியில் வைத்து அலிஃப், பே ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். இருபதாம் நோன்புக்குள் ஒன்பது பிள்ளைகள். அந்த நகரில் குர்ஆன் ஓதிக் கொடுக்க ஆளே இல்லாமல் இருந்திருக்கிறது. நோன்புப் பெருநாள் அன்று அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் வட்டிலப்பத்தோடு பழைய தெருவுக்கு வந்து உம்மாவைக் கூப்பிட்டார்கள்.

இப்போது வாரத்தில் மூன்று நாள், மகளும் உம்மாவும் ஆட்டோவில் அங்கே போய் வருகிறார்கள். ஒருவருடைய கார் கொட்டகையில் பாய் விரித்து ஓதல் நடக்கிறது. மஃரிபுக்கு ஆண்கள் ஏழெட்டுப் பேர் அதே பாயில் ஜமாஅத்தாகத் தொழத் தொடங்கியிருக்கிறார்களாம். அவர் விடுமுறை முடிந்து போய் விட்டார். தம் சம்பாத்தியத்திலேயே மனைக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார். அஸ்திவாரம் இன்னும் தோண்டவில்லை. பழைய வீட்டை விற்கவுமில்லை. சென்ற வாரம் அந்த நகர்க்காரர்கள் இருவர் என்னிடம் வந்து, சந்தூக்கு ஒன்று செய்ய எந்த மரம் நல்லது, என்ன அளவு என்று கேட்டுப் போனார்கள்.